ஊசி எந்தக் கணக்குத் தலைப்பில் வருகிறது?

"ரத்தம் கம்மியா இருக்கு" என்று நம் ஊரில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். மாதுளை, பீட்ரூட், பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை என்று அவர் ஆரம்பித்துவிடுவார். அசைவக்காரராக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கறிக்கடையில் சொல்லிவைத்து ஆட்டுச் சுவரொட்டி வாங்கிக் கொடுக்கச் சொல்வார். எல்லாம் அன்பினால் சொல்வதுதான். பிள்ளை பெற்றவளுக்கும் வளரும் பெண்குழந்தைக்கும் இவை நல்லவையாகவே இருக்கலாம். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு இந்தப் பட்டியல் பொருந்தாது. சில சமயம் ஆபத்து.

என் மனைவி ஐந்து வருடமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறாள். அவள் நான்கு மணி நேரம் உள்ளே படுத்திருப்பாள். நான் வெளியே பெஞ்சில், என்னைப்போலவே காத்திருக்கும் நாலைந்து பேரோடு உட்கார்ந்திருப்பேன். அந்தப் பெஞ்சில் கேட்டதும், டாக்டரை விடாமல் துளைத்துத் தெரிந்துகொண்டதும், இரவில் தூக்கம் வராதபோது பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் படித்ததும்தான் இந்தக் கட்டுரைக்கு மூலதனம். நான் மருத்துவன் இல்லை. ஓய்வுபெற்ற யு.டி.சி. ஆகவே மருந்தின் அளவை யாருக்கும் சொல்லப்போவதில்லை. எனக்குத் தெரிந்தது கணக்கு. இந்த நோயில் கணக்குக்கு ஒரு பெரிய இடம் இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

முதலில் அந்தப் பழப்பட்டியலை முடித்துவிடுகிறேன். எங்கள் பெஞ்சுக்காரர் ஒருவரின் அண்ணன், சனிக்கிழமை டயாலிசிஸ் முடித்துப் போனவர். அடுத்தது செவ்வாய்க்கிழமை. நடுவில் பொங்கல் விடுமுறைக்கு வந்த உறவினர்கள் "ஹீமோகுளோபின் 8தானா, ஐயோ" என்று இரண்டு நாளும் மாதுளைச் சாறும் பேரீச்சம்பழமுமாகக் கொடுத்திருக்கிறார்கள். திங்கள் இரவு கால் துவண்டு எழுந்திருக்க முடியவில்லை. பழத்தில் இருக்கும் பொட்டாசியத்தை வெளியேற்ற அவருக்குச் சிறுநீரகம் இல்லை. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். நள்ளிரவில் அவசர டயாலிசிஸ் செய்து பிழைக்க வைத்தார்கள். இத்தனைக்கும் அவருடைய ரத்தக்குறைவு சாப்பாட்டினால் வந்ததே இல்லை.

பிறகு எதனால் வந்தது? நான் பிரெவே வரைக்கும் பிரெஞ்சிலேயே படித்தவன். சின்ன வகுப்பில் 'லெசோன் தெ ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. விதை, எரிமலை, உடம்பு என்று எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் சொல்லிக்கொடுப்பார்கள். அவரை விதை மாதிரி இரண்டு சிறுநீரகம் வரைந்து, 'லே ரேன் ஃபில்த்ர் லெ சான்' என்று கீழே எழுத வேண்டும். சிறுநீரகங்கள் ரத்தத்தை வடிகட்டுகின்றன. அவ்வளவுதான் பாடம். மேஸ்திரு பிரம்பைத் தட்டினால் வகுப்பே சேர்ந்து சொல்லும். அது பாதி உண்மைதான். வடிகட்டும் அதே சிறுநீரகம், ரத்தம் தயாரிக்கச் சொல்லி உத்தரவும் போடுகிறது.

நம் அரசாங்க பாஷையில் சொன்னால் இது இண்டெண்ட் அனுப்புகிற வேலை. சிவப்பணுக்களைத் தயாரிக்கும் தொழிற்சாலை எலும்பு மஜ்ஜை. ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது என்று கண்டால் சிறுநீரகம் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது மஜ்ஜைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அங்கே உற்பத்தி நடக்கும். சிறுநீரகம் சுருங்கிப்போனவருக்கு அந்த இண்டெண்ட் போவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. தொழிற்சாலை நன்றாகவே இருக்கிறது, ஆர்டர்தான் இல்லை. டயாலிசிஸ் இயந்திரம் வடிகட்டும்; இண்டெண்ட் போட அதற்குத் தெரியாது. போதாததற்குச் சாதாரணமாக 120 நாள் உயிரோடு இருக்கும் சிவப்பணு, இவர்களுக்கு அதற்கு முன்பே அழிந்துவிடுகிறது.

இந்த இண்டெண்ட் விஷயத்தை முதலில் ஊகித்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர் என்பதில் எனக்கு ஓர் அல்ப சந்தோஷம். 1906இல் பாரிசில் போல் கார்னோ என்ற பேராசிரியரும், க்ளோத்தில்த் தெஃப்லாந்த்ர் என்ற அவருடைய உதவியாளரும் முயல்களின் ரத்தத்தை எடுத்தார்கள். ரத்தம் இழந்த முயலின் சீரத்தை நன்றாக இருக்கும் இன்னொரு முயலுக்குச் செலுத்தியபோது, இதற்குச் சிவப்பணு கூடியது என்று கண்டார்கள். ஏதோ ஒரு பொருள் ரத்தத்தின் வழியாகச் செய்தி கொண்டு போகிறது என்று எழுதினார்கள். மற்றவர்கள் செய்து பார்த்தபோது சரியாக வரவில்லை. ஐம்பது வருடம் அந்த விஷயம் தூங்கியது. செய்தி சிறுநீரகத்திலிருந்து போகிறது என்று 1957இல்தான் சிகாகோவில் ஜேகப்சன் குழுவினர் எலிகளை வைத்துக் காட்டினார்கள். அதே சிகாகோவில் யூஜின் கோல்ட்வாசர் என்பவர் அந்தப் பொருளைத் தனியே பிரித்தெடுக்க இருபது வருடம் போராடினார். கடைசியில் ஜப்பானிலிருந்து மியாகே என்ற மருத்துவர், மஜ்ஜை வேலை செய்யாத நோயாளிகளின் சிறுநீரை 2,550 லிட்டர் சேகரித்து, வற்றக் காய்ச்சியதுபோலச் சுருக்கி எடுத்துக்கொண்டு வந்தார். அதிலிருந்து கிடைத்தது சில மில்லிகிராம்தான். அது 1977. அதன் மரபணுவைக் கண்டுபிடித்து ஊசி மருந்தாக ஆக்கி, 1989இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அதற்கு முன்பு டயாலிசிஸ் நோயாளிகளின் ஹீமோகுளோபின் 6, 7 என்றுதான் இருக்கும். மாடிப்படி ஏற முடியாது, பேசினால் மூச்சு வாங்கும், இதயம் வீங்கும். அடிக்கடி ரத்தம் ஏற்றித்தான் ஓட்டினார்கள். இந்த ஊசி வந்தபிறகு வேலைக்குத் திரும்பியவர்கள் உண்டு. இப்போது இந்தியாவிலேயே பல கம்பெனிகள் தயாரிக்கின்றன. வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவை போடுவது ஒன்று. வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒரு தடவை போடுவது இன்னொன்று.

மருந்து இருக்கிறது, முப்பத்தைந்து வருடமாக இருக்கிறது. அப்புறம் ஏன் நம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களின் ரிப்போர்ட்டில் 6.8, 7.1 என்று இன்னும் வருகிறது?

ஏனென்றால் பல இடங்களில் டயாலிசிஸ் ஒரு கணக்கில் வருகிறது, ஊசி இன்னொரு கணக்கில் வருகிறது. நான் முப்பது வருடத்துக்கு மேல் பட்டியல்களோடு மாரடித்தவன். எந்தச் செலவு எந்தக் கணக்குத் தலைப்பில் விழுகிறது என்பதுதான் அது நடக்குமா நடக்காதா என்பதை முடிவு செய்யும். தலைப்பு இருந்தால் பணம் வரும். இல்லாவிட்டால் ஆட்சேபணைக் குறிப்போடு பட்டியல் திரும்பும். ஏழைகளுக்கு இலவச டயாலிசிஸ் என்று 2016-17 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்ல காரியம், மனதார வாழ்த்துகிறேன். அதற்கு முன்பு எத்தனையோ பேர் இரண்டு மாதம் டயாலிசிஸ் செய்துவிட்டு, தாலியும் நிலமும் போனபின் வீட்டுக்குத் திரும்பிச் செத்தார்கள். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு மையத்தில் (பெயர் வேண்டாம்) இயந்திரம் இலவசம், குழாய் இலவசம், வாசலில் பெரிய போர்டு. ஹீமோகுளோபின் ஊசிக்கு மட்டும் கையில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து "வெளியே வாங்கிட்டு வந்துடுங்க" என்பார்கள்.

அந்தச் சீட்டோடு வெளியே வந்த ஒருவரைத்தான் சொல்ல வேண்டும். முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியவர், பெயிண்டர் வேலை செய்தவர். என்னை ஐயா என்று கூப்பிடுவார். மாதம் எட்டு ஊசி வாங்க வேண்டியவர், பணம் இருக்கும் மாதம் நான்கு வாங்குவார், இல்லாத மாதம் ஒன்றும் வாங்க மாட்டார். இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. இந்த ஊசியை இன்று நிறுத்தினால் நாளைக்கு ஒன்றும் தெரியாது. மஜ்ஜையில் உற்பத்தி குறைந்து, பழைய சிவப்பணுக்கள் ஒவ்வொன்றாக அழிந்து, எண் இறங்க வாரங்கள் ஆகும். "போடாமலே நல்லாத்தான் இருக்கேன் ஐயா" என்று அவர் சொன்னது அந்த இடைவெளியில்தான். திரும்பப் போட ஆரம்பித்தாலும் ஏறுவதற்கு அதே போல வாரங்கள் ஆகும். மருத்துவருக்கோ, இந்த மாத எண் எந்த மாத ஊசியின் பலன் என்றே தெரியாது. எண் 6க்கு வந்ததும் மூச்சு வாங்கும். உடனே ஒரு பாட்டில் ரத்தம். இரண்டு வருடத்தில் இப்படி ஐந்தாறு தடவை ஏற்றினார்கள்.

ரத்தம் ஏற்றினால் என்ன, தானம் செய்யத்தான் ஆள் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அவருடைய அக்கா தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்க முன்வந்தார். புருஷன் வீட்டில் சண்டை போட்டுச் சம்மதம் வாங்கி வந்த அம்மாள். ரத்த வகை பொருந்தியது. கடைசியாகச் செய்த கிராஸ் மேட்ச் பரிசோதனையில் மாட்டிக்கொண்டது. அடுத்தவர் ரத்தம் ஒவ்வொரு தடவை உள்ளே வரும்போதும், அந்த அந்நிய அணுக்களை எதிர்க்கும் பொருள்களை உடம்பு தயாரித்து வைத்துக்கொள்ளக்கூடும். பிறகு வரும் சிறுநீரகத்தையும் அவை எதிரியாகவே பார்க்கும். அக்காவின் சிறுநீரகத்தை அவர் உடம்பு ஏற்காது என்று சொல்லிவிட்டார்கள். எத்தனை ஊசியின் விலை மிச்சமானது, எதை இழந்தார் என்று நான் கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டினால் மனசு ஆறாது. அவசரத்தில் ரத்தம் ஏற்றுவது உயிரைக் காப்பாற்றும். அதை வேண்டாம் என்று யாரும் சொல்லக் கூடாது. ஊசிக்குப் பதிலாக அதை வழக்கமாக்குவதைத்தான் நான் எதிர்க்கிறேன். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கும் இளவயதுக்காரர்களுக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான கூத்து நடந்தது. அங்கே ஏறக்குறைய எல்லா டயாலிசிஸ் நோயாளிகளின் செலவையும் அரசின் மெடிகேர் திட்டம் ஏற்கிறது. இந்த ஊசிக்கு மட்டும், போட்ட அளவுக்குத் தனியாகப் பணம் கொடுத்தார்கள். கூடப் போட்டால் மையத்துக்குக் கூட வருமானம். அளவு ஏறிக்கொண்டே போனது. ஹீமோகுளோபினைச் சாதாரண மனிதருடையதைப் போல 13, 14க்குக் கொண்டுபோனால் இன்னும் நன்றாக இருப்பார்கள் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. ஆனால் ஆய்வுகள் வேறு சொல்லின. இதய நோயுள்ள டயாலிசிஸ் நோயாளிகளைக் கொண்டு செய்து, 1998இல் வெளியான ஆய்வை, எண்ணை உயர்த்திய பக்கம் சாவு அதிகமாகத் தெரிந்ததால் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது. டயாலிசிஸுக்கு இன்னும் வராத சிறுநீரக நோயாளிகளிடம் செய்த 2006, 2009 ஆய்வுகளிலும் எண்ணை ஏற்றியதால் நன்மையைவிட இதயக் கோளாறு, பக்கவாதம் என்று தீமைதான் தெரிந்தது. 2011இல் மெடிகேர், டயாலிசிஸும் ஊசியும் சேர்ந்து ஒரே தொகை என்று மாற்றியது. ஊசியின் அளவு இறங்கிவிட்டது. அந்த ஊர் மஜ்ஜை ஒரே வருடத்தில் திருந்திவிட்டதா? கணக்குத் தலைப்பு மாறியது, அவ்வளவுதான்.

அங்கே பணம் வந்ததால் அதிகம், இங்கே பணம் இல்லாததால் குறைவு. இரண்டு இடத்திலும் நோயாளியின் உடம்பைக் கேட்டு அளவை முடிவு செய்யவில்லை. என் பெரியப்பா மகன் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து, ஓய்வுபெற்று, பாரிசுக்குப் பக்கத்தில் சார்செலில் இருக்கிறார். அவருக்கும் டயாலிசிஸ்தான். அங்கே கடுமையான சிறுநீரக நோய் நீண்டகால நோய்களின் பட்டியலில் வருகிறது. அதன் சிகிச்சைச் செலவு நூற்றுக்கு நூறு காப்புறுதியில். ஊசியின் விலை என்ன அண்ணே என்று போனில் கேட்டேன். "அது எனக்கெப்படிடா தெரியும்?" என்றார். அவரைத் திட்டவும் முடியவில்லை, பொறாமைப்படவும் வயதாகிவிட்டது.

எண் அதிகமானால் என்ன கெடுதல் என்று நம்பாதவர்களுக்காக ஒரு விளையாட்டுச் செய்தி. நம் ஊரில் பிரெஞ்சு டி.வி. பார்க்கும் வீடுகளில் ஜூலை மாதம் தூர் தெ ஃப்ரான்ஸ் சைக்கிள் பந்தயம் ஓடும். 1998இல் ஃபெஸ்தினா அணியின் காரில் எல்லையில் பிடிபட்ட மருந்துகளில் இந்த எரித்ரோபாய்டினும் இருந்தது. என் மனைவிக்குப் போடும் அதே சரக்கு. சிவப்பணு கூடினால் தசைக்குப் பிராணவாயு கூடும், மலை ஏற மூச்சு வாங்காது. ஆனால் ரத்தம் குழம்பாகக் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. அதனால்தான் ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் ஓடக்கூடாது என்று அதற்கு முந்தைய வருடமே வீரர்களுக்கு விதி போட்டிருந்தார்கள். டயாலிசிஸ் நோயாளிக்கு 2012இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல், பொதுவாக 11.5க்கு மேல் கொண்டுபோக வேண்டாம் என்கிறது. என் மனைவிக்கு 10க்கும் 11க்கும் நடுவில் இருந்தால் டாக்டர் சிரித்த முகமாக இருப்பார். "நார்மல் 12ன்னு போட்டிருக்கே, இவங்களுக்கு ஏன் 10லயே விட்டுட்டீங்க?" என்று லேப் ரிப்போர்ட்டைக் காட்டிச் சண்டை போடும் மகன்களுக்கு இது தெரிய வேண்டும். ஊசியினால் ரத்த அழுத்தமும் ஏறலாம். அழுத்தம் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும்.

இனி இரும்பு. இதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். இண்டெண்ட் போனாலும் ஸ்டோரில் சரக்கு இல்லாவிட்டால் உற்பத்தி நடக்காது. சிவப்பணுவுக்குக் கச்சாப்பொருள் இரும்பு. ஒவ்வொரு டயாலிசிஸிலும் குழாயிலும் வடிகட்டியிலும் கொஞ்சம் ரத்தம் தங்கிவிடும். பரிசோதனைக்கு வேறு எடுப்பார்கள். வருடத்துக்கு 1 முதல் 3 கிராம் வரை இரும்பு இப்படிப் போய்விடும். மனித உடம்பில் மொத்தமே 3, 4 கிராம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அதை மாத்திரையில் ஈடுகட்டலாமே என்றால், அங்கேயும் ஒரு தடை. கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஒன்றைச் சுரக்கிறது. அதற்கும் இரும்புக்கும் உள்ள தொடர்பை 2001இல் பிரான்சில் ரென், பாரிஸ் ஆய்வாளர்கள்தான் காட்டினார்கள் (மறுபடியும் அல்ப சந்தோஷம்). ஹெப்சிடின் அதிகமானால் குடலிலிருந்து இரும்பு உள்ளே வராது. கிடங்கில் இருப்பதும் வெளியே வராது. சிறுநீரக நோயாளிகளுக்கு அது அதிகமாகவே இருக்கும். ஆகவே முருங்கைக்கீரையாவது, மாத்திரையாவது, வாய்வழியாகப் போவதில் பெரும்பகுதி வீண். டயாலிசிஸ் நடக்கும்போதே ரத்தக்குழாய் வழியாக இரும்பு மருந்து ஏற்றுகிறார்களே, அதன் காரணம் இதுதான்.

அந்த இரும்பு மருந்து இந்த ஊசியை விட மலிவு. பிரிட்டனில் 2,141 டயாலிசிஸ் நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். குறையும் வரை காத்திருந்து கொடுப்பதை விட, மாதாமாதம் அளவு பார்த்துத் தாராளமாக இரும்பு கொடுத்த பக்கம் இதயக் கோளாறுகள் குறைவு. எரித்ரோபாய்டின் ஊசியும் குறைவாகவே தேவைப்பட்டது. மலிவான சரக்கைச் சரியாகக் கொடுத்தால் விலை உயர்ந்த சரக்கு மிச்சமாகிறது. எந்த நிதித்துறைக்கும் இனிக்க வேண்டிய செய்தி. அதற்காக அளக்காமல் கொட்டவும் கூடாது. ஃபெரிட்டின் என்பது கிடங்கில் இருக்கும் இருப்பு. டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் என்பது லாரியில் ஏறித் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருக்கும் சரக்கு. உடம்பில் எங்காவது கிருமியோ புண்ணோ இருந்தால் கிடங்குப் புத்தகத்தில் இருப்பு அதிகமாகத் தெரியும், லாரி மட்டும் காலியாக ஓடும். ஆடிட் பார்த்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது, இரண்டையும் பார்க்க வேண்டும். கிருமி இருக்கும்போது இரும்பு ஏற்றுவதை டாக்டர்களே தள்ளிப்போடுவார்கள்.

ஊசியும் போட்டு இரும்பும் கொடுத்து எண் ஏறவில்லையென்றால், ஊசியை இரட்டிப்பாக்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. கழுத்துக் குழாயில் கிருமி இருக்கிறதா, மலத்தில் ரத்தம் போகிறதா, டயாலிசிஸே போதுமான நேரம் நடக்கிறதா, பாராதைராய்டு ஏறியிருக்கிறதா, பி12 குறைந்திருக்கிறதா. என் மனைவிக்குப் போன வருடம் மூன்று மாதம் எண் 8.4லேயே நின்றது. வயிற்றில் சின்னப் புண்ணிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்த பிறகு அதே அளவு ஊசியிலேயே 10.3க்கு வந்தாள். அதற்கப்புறம்தான் குசினியில் நின்று தானே ரசம் வைத்தாள். மூன்று மாதமாக அந்த வேலை என்னுடையது. ரசம் எப்படி இருந்தது என்று அவள் இன்றுவரை சொல்லவில்லை.

வீட்டில் ஒரு நோட்டுப் போடுங்கள். நீளவாட்டில் தேதி, பக்கத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், சாச்சுரேஷன், போட்ட ஊசி, ஏற்றிய இரும்பு, ரத்தம் ஏற்றியிருந்தால் அது, காய்ச்சல் இருந்தால் அது. ரத்தம் எடுத்தது டயாலிசிஸுக்கு முன்பா, பின்பா என்பதையும் எழுதுங்கள். இரண்டு நாள் இடைவெளியில் மூன்று கிலோ தண்ணீர் சேர்ந்திருந்தால் ரத்தம் நீர்த்துப்போய் எண் குறைவாகக் காட்டும். தண்ணீரை எடுத்தபின் பார்த்தால் அதுவே கூடித் தெரியும். போன மாதம் பின்பும் இந்த மாதம் முன்பும் எடுத்துவிட்டு "குறைஞ்சிடுச்சே" என்று அழுவதில் அர்த்தமில்லை. ஊசியை வெளியே வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. அக்னி நட்சத்திர வெயிலில் நேரு வீதிக் கடையில் வாங்கி, ஸ்கூட்டர் பெட்டியில் வைத்து, வழியில் பெரிய மார்க்கெட்டில் மீனும் வாங்கிக்கொண்டு வந்தால், போடுவது மருந்தா வெந்நீரா? ஐஸ் போட்ட டப்பா வேண்டும். ஐஸ் நேராக மருந்தைத் தொடவும் கூடாது, அது உறைந்தாலும் கெட்டுவிடும். குலுக்கவும் கூடாது. இதையெல்லாம் நோயாளியின் வீட்டார் தலையில் கட்டுவதே தவறு என்பது என் கட்சி. மையத்தின் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, மையத்தின் நர்ஸ் போட வேண்டிய மருந்து இது.

ஊசிக்குப் பதிலாக மாத்திரையும் வந்துவிட்டது. உடம்பு பிராணவாயுக் குறைவை எப்படி உணர்கிறது என்று கண்டுபிடித்த மூவருக்கு 2019இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த வழியில் பிறந்த மாத்திரைகளில் டெசிடுஸ்டாட் என்பது இந்தியாவிலேயே உருவாகி 2022இல் அனுமதி பெற்றது. குளிர்பெட்டி வேண்டாம் என்பது நம் போன்ற வெயில் ஊருக்குச் சௌகரியம். யாருக்குப் பொருந்தும் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். நான் கேட்டதற்கு, "அம்மாவுக்கு இப்ப ஊசி நல்லாத்தான் வேலை செய்யுது, மாத்த வேணாம்" என்றார். சரிதான்.

ஆகவே எங்கள் பெஞ்சுக்காரர்கள் சேர்ந்து சுகாதாரத் துறைக்கு ஒரு மனு தயாரித்திருக்கிறோம். இலவச டயாலிசிஸ் என்றால், அதில் எரித்ரோபாய்டின் ஊசி, ரத்தக்குழாய் வழி இரும்பு, மாதம் ஒரு ஹீமோகுளோபின், மூன்று மாதத்துக்கு ஒரு இரும்புப் பரிசோதனை ஆகிய நான்கும் அதே கணக்குத் தலைப்பில் வர வேண்டும். ஊசிக்கு வெளிச்சீட்டு எழுதுவது நிற்க வேண்டும். மையம் ஒவ்வொன்றும் எத்தனை பேருக்கு எண் 8க்குக் கீழே இருக்கிறது, எத்தனை பேருக்கு ரத்தம் ஏற்றினார்கள் என்று மாதாமாதம் துறைக்கு எழுதித் தர வேண்டும். தொகையைக் கூட்டிவிட்டு ஊசியின் அளவை மையம் தானாகக் குறைத்துவிடாமல் இருக்கத்தான் இந்தக் கடைசிக் கோரிக்கை. மொத்தத் தொகை கொடுத்தால் அதிலும் ஒரு ஓட்டை இருக்கும் என்பது பட்டியல் பார்த்தவனுக்குத் தெரியும். மனுவைத் தமிழில் நான் எழுதினேன், ஆங்கிலத்தில் பெஞ்சு நண்பர் ஒருவரின் மகள் எழுதினாள். இதுவரை 41 கையெழுத்து. அந்தப் பெயிண்டர் தம்பியும் அவருடைய அக்காவும் அதில் இருக்கிறார்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்திட விரும்புகிறவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வரலாம். செவ்வாய், வியாழன், சனி மட்டும் இருக்க மாட்டேன்.